நூறு வெள்ளி வெட்டு

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களின் இறுதியிலும் மார்ச்சுத் திங்களின் தொடக்கத்திலும் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிகழும் ஒரு காட்சியைப் புதிதாகக் காண்பவர், அதனை வேடிக்கை என்றே எண்ணக்கூடும். உறுப்பினர் ஒருவர் எழுகிறார். ஓர் அமைச்சுக்குக் கேட்கப்பட்டுள்ள மொத்தத் தொகையில் நூறு வெள்ளியைக் குறைத்தல் வேண்டும் என்று முன்மொழிகிறார். முன்மொழிந்தபின் அந்த அமைச்சின் பணிகளைப் பற்றிச் சில மணித்துளிகள் பேசி அமர்கிறார். அடுத்தவர் எழுகிறார், அவரும் பேசுகிறார். பின்னர் அமைச்சர் விடை கூறுகிறார். முதலில் எழுந்தவர் மீண்டும் எழுந்து, மன்றத்தின் இசைவுடன் தம் வெட்டினைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். கேட்ட தொகை கேட்டபடியே ஒப்பளிக்கப்படுகிறது.

நாட்டின் ஓராண்டுச் செலவு இன்று நூறு பில்லியன் வெள்ளியைக் கடந்துவிட்டது. அதில் நூறு வெள்ளி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. தேக்கா சந்தையில் ஒரு குடும்பம் ஒரு வாரத்துக்கு மீனும் இறைச்சியும் காய்கறியும் வாங்கினால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். அத்தகைய அற்பத் தொகையை முன்னிட்டு நாட்டின் பேரவை நாட்கணக்கில் கூடியிருப்பதும், அந்தத் தொகையும் ஒருமுறைகூட வெட்டப்படாமல் போவதும் எதற்கு என்னும் ஐயம் மாணவர் ஒருவருக்கு எழுமாயின், அவருக்கு விடை கூறவேண்டிய ஆசிரியர் சற்றுத் தடுமாறத்தான் செய்வார். ‘வெட்டு’ என்னும் சொல்லே அவரைத் தடுமாறச் செய்யும். தமிழில் வெட்டு என்பது செயலைக் குறிப்பது. துண்டு வேறாகவும் மரம் வேறாகவும் விழுந்தால்தான் அது வெட்டு. விழாத துண்டுக்கு வெட்டு என்று பெயரிட்டது யார்?

இந்தியாவில் இதனை ‘வெட்டுத் தீர்மானம்’ என்பர். மக்களவை விதிகள் அதனை மூன்றாகப் பிரிக்கின்றன. கொள்கையை மறுப்பதற்காகக் கேட்ட தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வது ஒன்று. சிக்கனம் கருதிக் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வது மற்றொன்று. ஒரு குறையை எடுத்துரைப்பதற்காக நூறு ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்வது மூன்றாவது. சிங்கப்பூரில் வழக்கில் நிலைத்தது இம்மூன்றாவது வகை ஒன்றே. கொள்கை மறுப்பும் சிக்கனமும் இங்கு வெட்டாக உருப்பெறுவதில்லை. குறை கூறுதல் மட்டுமே வெட்டின் உருவில் வாழ்கிறது. இதனைக் கொண்டு, மன்றம் வெறும் ஒப்புக்குக் கூடுவது என்று முடிவுகட்டுவார் ஒருசாரார். அமைச்சர் எழுந்து விடை கூறுவதே போதுமான கட்டுப்பாடு என்று மனநிறைவு கொள்வார் மற்றொரு சாரார். இருசாராரும் வெட்டின் வரலாற்றை மறந்தே பேசுகின்றனர்.

நூறு என்னும் இந்த எண் பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கிலிருந்து வந்தது. அங்கு அஃது ஒரு காலத்தில் உயிருள்ள ஆயுதமாக இருந்தது. 1895-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், போர்த்துறை அமைச்சரின் ஊதியத்தில் நூறு பவுனைக் குறைக்கவேண்டும் என்று காமன்ஸ் சபையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். படைக்குத் தேவையான வெடிமருந்தின் இருப்புப் போதாது என்பது குற்றச்சாட்டு. வாக்கெடுப்பில் 132 பேர் வெட்டை ஆதரித்தனர். 125 பேர் எதிர்த்தனர். ஏழு வாக்கு வேறுபாட்டில் நூறு பவுன் வெட்டு நிறைவேறியது. ரோஸ்பரி பிரபுவின் அமைச்சரவை பதவி விலகியது. அன்று வெட்டப்பட்டது ஊதியம் அன்று. மன்றம் அமைச்சரவை மீது வைத்திருந்த நம்பிக்கை. தொகை சிறிதாக இருந்ததன் பொருளும் அதுவே. அரசாங்கத்தின் வேலையைக் கெடுக்காமல் அரசாங்கத்தை மட்டும் மாற்றுவதற்கு நூறு பவுன் போதும்.

அதே 1895-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் படைச் செலவைப் பற்றியே பூசல் முற்றியது. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, நீரிணைக் குடியேற்ற நாடுகள் தம் பாதுகாப்புக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுன் செலுத்தவேண்டும் என்று லண்டன் கட்டளையிட்டிருந்தது. இங்குள்ள சட்டமன்றத்தில் அதிகாரிகளே பெரும்பான்மையினர். அவர்கள் லண்டனின் விருப்பப்படி வாக்களிக்கக் கடமைப்பட்டவர்கள். வணிகர்களும் வழக்கறிஞர்களுமான அதிகாரிகளல்லாத உறுப்பினர்கள் ஆண்டுக்காண்டு முறையிட்டுப் பார்த்தனர், பயனில்லை. 1895-இல் அவர்கள் உறுப்பினர் பதவியைத் துறந்து வெளியேறினர். லண்டனில் நூறு பவுனை வெட்டி ஓர் அரசாங்கத்தைக் கவிழ்க்க முடிந்தது. சிங்கப்பூரில் ஒரு லட்சம் பவுனில் ஒரு பவுனைக்கூட வெட்ட முடியாதவர்கள் தம்மையே மன்றத்திலிருந்து வெட்டிக்கொண்டனர். ஒரே ஆண்டில், ஒரே பேரரசில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வெட்டின் வலிமை அதன் தொகையில் இல்லை, வாக்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது என்பது விளங்கும்.

செலவைக் குறைத்தல் பற்றித் தமிழ் மேடைகளில் பேச்சு எழுந்தால் திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் உடனே துணைக்கு வரும். பொருள் வரும் வழி சிறியதாயினும், போகும் வழி அகன்றுவிடாதவரை கேடில்லை என்பது அங்குள்ள ஒரு குறளின் கருத்து. எந்த நாட்டு நிதியமைச்சரும் மகிழ்ந்து ஏற்கத்தக்க கருத்து அது. இறைமாட்சி அதிகாரமோ அரசின் பணிகளை நான்காக வகுக்கிறது: பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல். இறுதியில் நிற்கும் பகுத்தளித்தலைப் பரிமேலழகர் அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் பொருட்டுச் செலவிடுதல் என்று விரிக்கிறார். இவற்றை எடுத்தாளும் பேச்சாளர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வள்ளுவர் நான்கு பணிகளையும் ஒரே அரசின் கையில் வைத்துப் பேசுகிறார். போகும் வழி அகலக்கூடாது என்கிறார். மதகின் கதவை ஏற்றி இறக்குபவர் யார் என்பது அக்குறளில் எழாத வினா. குடியாட்சியில் எழுவதோ அந்த வினா ஒன்றுதான். எனவே அக்குறளைச் சொல்லிவிட்டுச் சிக்கனம் சிறந்தது என்று முடிக்கும் பேச்சு, குறளுக்கும் நியாயம் செய்வதில்லை. நிதித் திட்டத்துக்கும் நியாயம் செய்வதில்லை.

சிங்கப்பூரின் சிக்கனக் கதைகளுள் மிகவும் புகழ்பெற்றது 1959-ஆம் ஆண்டுக் கதை. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் உள்நாட்டுத் தன்னாட்சி பிறந்தது. அதற்கு முன் இருந்த ரெண்டல் அரசியலமைப்பின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்கள் இருந்தும் நிதித்துறை பிரிட்டிஷ் அதிகாரியின் கையிலேயே இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் கருவூலத்தின் பொறுப்பை ஏற்றது அப்போதுதான். பொறுப்பேற்ற கோ கெங் சுவீயின் முன் நின்றது 14 மில்லியன் வெள்ளிப் பற்றாக்குறை. புதிய சட்டமன்றம் தன் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்த வேளையிலேயே அமைச்சரவை முடிவெடுத்துவிட்டது. அமைச்சர்கள் தம் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டனர். அரசாங்க ஊழியர்களில் நடுத்தர, மேல்நிலையினர் பெற்றுவந்த மாறுபடும் படித்தொகையும் குறைக்கப்பட்டது. ஆண்டு முடிவில் பற்றாக்குறை மறைந்து, ஒரு மில்லியன் அளவிலான உபரி காட்டப்பட்டது. சிக்கனத்தின் வெற்றி என்று இன்றும் இது போற்றப்படுகிறது. வெற்றிதான், மறுப்பதற்கில்லை.

எனினும் அந்த வெட்டு எங்கே வெட்டப்பட்டது என்று பார்த்தல் வேண்டும். 51 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் ஆளுங்கட்சிக்கு 43 இடங்கள். எதிரே சிங்கப்பூர் மக்கள் கூட்டணியினர் நால்வர், அம்னோவினர் மூவர், கட்சி சாராதவர் ஒருவர். அந்த ஒருவர் ஏ. பி. ராஜா, சிராங்கூன் சாலையை ஒட்டிய பாரர் பார்க் தொகுதி அவரை அனுப்பியிருந்தது. இந்த எண்மரும் ஒன்றாக எழுந்து வாக்களித்திருந்தாலும் ஒரு வெள்ளியை அசைத்திருக்க இயலாது. ஆகவே எதிர்ப்பு மன்றத்துக்கு வெளியே போயிற்று. அரசாங்க ஊழியர் சங்கங்கள் கூட்டு நடவடிக்கைக் குழு ஒன்றை அமைத்துப் போராடின. ஊழியர்களின் மனக்கசப்பு நெடுநாள் நீடித்தது. குறைக்கப்பட்ட படி பின்னர் மீட்டளிக்கப்பட்டது. செலவைக் குறைத்தது அமைச்சரவை. எதிர்த்து நின்றவை தொழிற்சங்கங்கள். இடையே இருக்கவேண்டிய மன்றம் இக்கதையைச் சொல்பவர் எவர் வாயிலும் இடம்பெறுவதில்லை. கதை சொல்பவரின் மறதி என்று அதனைத் தள்ளிவிட முடியாது; மன்றத்துக்கு அந்தக் கதையில் வேலையே இருக்கவில்லை.

இவ்விடத்தில் நகரசபையையும் நினைத்தல் தகும். 1957 தேர்தலுக்குப்பின் முழுதும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையாக இருந்த அது, சாலை, விளக்கு, குடிநீர், துப்புரவு ஆகியவற்றின் செலவை மக்கள் கண்முன் வைத்து வாதிட்ட இடம். 1959-இல் அதன் பணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1963-இல் அது முறைப்படி கலைந்தது. சிறிய தீவுக்கு இரண்டு ஆட்சிகள் வேண்டா என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நியாயம் பொருந்தியதே, ஆயினும் சிராங்கூன் சாலையின் கால்வாய்க்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று தனியே கேட்பதற்கு இருந்த ஓர் அவை அத்துடன் போயிற்று. பிற்காலத்தில் வந்த நகர மன்றங்கள் வீடமைப்புப் பேட்டைகளின் பராமரிப்புக்கானவை; பழைய அவையின் அகலம் அவற்றுக்கு இல்லை.

சிங்கப்பூர் வரலாற்றில் நூறு வெள்ளி வெட்டு உண்மையிலேயே கூர்மையுடன் விளங்கிய காலம் ஒன்று உண்டு. அது மிகக் குறுகியது. 1961 ஜூலையில் ஆளுங்கட்சி பிளவுற்றது. விடியவிடிய நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவாக 27, எதிராக 8, வாக்களியாதோர் 16 என்று எண்ணிக்கை வந்தது. அதன் பின்னர் 1963 செப்டம்பர்த் தேர்தல் வரையில் ஓரிரு உறுப்பினர்களின் மனமாற்றத்தில் ஆட்சி தொங்கியது. அக்காலத்தில் ஏதேனும் ஓர் அமைச்சின் தொகையில் நூறு வெள்ளி குறைந்திருந்தால், 1895-இல் லண்டனில் நடந்தது இங்கும் நடந்திருக்கும். மன்றத்தின் கையில் மதகின் கதவு இருந்த காலம் அதுவே. அதை ஒரு பொற்காலம் என்று கூறிவிடவும் இயலாது. அன்றைய பூசல் முழுவதும் மலேசிய இணைப்பைப் பற்றியது. கைதுகளும் கலவரங்களும் நிறைந்த காலம் அது. கதவைப் பிடித்திருந்த கைகளின் கவனம் ஏரியின் மீது இல்லை.

1968 தேர்தல் முதல் 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே. பி. ஜெயரத்தினம் வெல்லும்வரை மன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. வெட்டு அப்போதும் நின்றுவிடவில்லை. ஆளுங்கட்சியின் பின்னிருக்கை உறுப்பினர்களே முன்மொழிந்தனர். தம் கட்சி அமைச்சரின் தொகையில் நூறு வெள்ளியைக் குறைக்கச் சொல்லி, அவர் விடை கேட்டு, திரும்பப் பெற்றனர். இன்றைய வெட்டின் இயல்பு அக்காலத்தில் உறுதிப்பட்டதே. வாக்குக்கும் அதற்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பேச்சுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மட்டும் எஞ்சியது. 2025 தேர்தலுக்குப்பின் 97 தொகுதி இடங்களில் 87 ஆளுங்கட்சியிடம் உள்ள நிலையில், இந்த இயல்பு மாறுவதற்குக் காரணம் ஏதும் இல்லை. அரசியலமைப்பும் இதே திசையில்தான் கைகாட்டுகிறது. செலவைப் பெருக்கும் மசோதாவையோ திருத்தத்தையோ அமைச்சர் வாயிலாக அதிபரின் பரிந்துரை பெறாமல் உறுப்பினர் கொண்டுவருதல் ஆகாது; குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்லக்கூடாது. பள்ளிக்கு இன்னும் வேண்டும் என்று கேட்க விரும்பும் உறுப்பினரும் பள்ளிக்குக் கேட்ட தொகையில் நூறு வெள்ளியைக் குறைக்கவேண்டும் என்றே தொடங்கவேண்டியிருப்பது இதனால்தான். 1990-இல் ஏற்படுத்தப்பட்ட நியமன உறுப்பினர்களின் நிலை இன்னும் விந்தையானது. அவர்கள் செலவைப் பற்றி எவ்வளவும் பேசலாம். செலவு மசோதாவின்மீது வாக்களிக்க மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை. தொகுதியில்லா உறுப்பினர்களுக்கும் முன்பு அவ்வாறே இருந்தது. 2016-இல் செய்த திருத்தம் அவர்களுக்கு அவ்வுரிமையைத் தந்தது.

உண்மையான வெட்டு எவ்வாறு விழுகிறது என்பதற்கு 2017-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் தெளிவான சான்று. எல்லா அமைச்சுகளுக்கும் அரசு உறுப்புகளுக்கும் உரிய செலவு உச்சவரம்பு இரண்டு விழுக்காடு நிலையாகக் குறைக்கப்படுகிறது என்று நிதியமைச்சர் ஹெங் சுவீ கியெட் அறிவித்தார். முதியோர் பெருகுவதால் சுகாதாரச் செலவு ஏறும், போக்குவரத்துச் செலவு ஏறும், ஆதலால் இப்போதே இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அறிவுடைய முன்னேற்பாடு என்றே கொள்ளலாம். ஆனால் அளவைப் பாருங்கள்: உறுப்பினர்கள் பல நாள் பேசி ஓர் அமைச்சிலிருந்து நூறு வெள்ளியையும் குறைக்காத ஒரு மன்றத்தில், நிதியமைச்சர் தம் உரையின் ஒரு வாக்கியத்தில் எல்லா அமைச்சுகளிலும் நூற்றுக்கு இரண்டு வெள்ளி குறைத்துவிட்டார். செலவு மதிப்பீட்டு நூலில் ஒவ்வோர் அமைச்சுக்கும் உறுப்புக்கும் ஓர் ஆங்கில எழுத்து தலைப்பாக உண்டு. நாடாளுமன்றத்துக்கு உரிய எழுத்து ‘எஃப்’. அரசு உறுப்புகளுள் நாடாளுமன்றமும் ஒன்றாதலால், அமைச்சரைக் கட்டுப்படுத்தவேண்டிய அவையின் செலவுக்கும் அமைச்சரே வரம்பு வகுத்தார் என்றாகிறது. இதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. மரபும் இதுவே. எனினும் ‘வெட்டு’ என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஆட்சித்துறைக்கும் மன்றத்துக்கும் உள்ள நிறை வேறுபாடு மாணவர்க்கு விளக்கமின்றியே விளங்கும்.

மன்றம் விட்ட இடத்தில் வேறொரு காவல் வைக்கப்பட்டிருக்கிறதே என்பர் சிலர். அவர்கள் கருதுவது 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அதிபர் பதவியை. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த இருப்பை இன்றைய அரசாங்கம் தொடவேண்டுமாயின் அதிபரின் இசைவு வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு சாவி என்று இதனை விளக்குவது வழக்கம். வள்ளுவர் ஒரே அரசுக்குச் சொன்ன நான்கனுள் காத்தல் என்னும் ஒன்றைப் பிரித்தெடுத்து வேறொருவரிடம் ஒப்படைத்தது இத்திருத்தம் எனலாம். அந்தச் சாவி முதன்முதலாகத் திரும்பியது 2009-இல். உலகப் பொருளியல் சரிவின்போது, ஊழியரை வேலையிலிருந்து நீக்காமல் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு உதவுவதற்கும் நிறுவனங்களுக்குக் கடன் கிடைக்கச் செய்வதற்கும் 4.9 பில்லியன் வெள்ளி வேண்டும் என்று அரசாங்கம் கேட்டது. கேட்டபோது நிதியமைச்சராக இருந்தவர் தர்மன் சண்முகரத்னம். இசைந்தவர் அதிபர் எஸ். ஆர். நாதன். செலவானது ஏறத்தாழ 4 பில்லியன். 2011-இல் அது திரும்ப வைக்கப்பட்டது. அன்று சாவியைக் கேட்டவரே 2023 முதல் சாவியைக் காப்பவர். தமிழ் வாசகர்கள் பெருமையுடன் குறிப்பிடும் செய்தி இது; பெருமை ஒருபுறம் இருக்க, அந்த இரண்டு சாவிகளுள் ஒன்றேனும் மன்றத்தின் கையில் இல்லை என்பதையும் குறித்தல் வேண்டும். 2009 ஜனவரி 22-ஆம் நாள் நிதித் திட்டம் வாசிக்கப்பட்டபோது அதிபரின் கொள்கையளவிலான இசைவு ஏற்கெனவே பெறப்பட்டிருந்தது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அதிபர் ஹலிமா யாக்கோப் 52 பில்லியன் வரை இசைந்தபோதும் வரிசை அதுவே: முதலில் அமைச்சரவை, அடுத்து அதிபர், மூன்றாவதாக மன்றம். அதிபர் தம் ஆலோசனை மன்றத்தின் கருத்துக்கு மாறாக மறுத்தால், மூன்றில் இரு பங்கு வாக்கினால் அம்மறுப்பைத் தள்ளும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆகப் பெட்டியைத் திறக்காதே என்று சொல்லும் உரிமையைவிட, திறக்க மறுத்தவரை மீறித் திறக்கும் உரிமையே மன்றத்தின் பங்காக வாய்த்திருக்கிறது.

அவ்வாறாயின் மன்றத்துக்கு எஞ்சிய வலிமை யாது? செலவுக்கு முன் இல்லையேனும் செலவுக்குப் பின் ஒன்று உண்டு. அதனைத் தமிழர் நன்கு அறிவர்; அறிந்தும் தவறான பகுதியையே மேற்கோள் காட்டுவர். பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் கொண்ட உத்திரமேரூரைப் பற்றிப் பேசாத தமிழ் விழா இல்லை. குடவோலை முறையைச் சொல்லி, தேர்தல் தமிழரிடம் பிறந்தது என்பர். நிலமும் மனையும் கல்வியும் உடைய ஒரு பிரிவினருக்கே அந்த ஓலை உரியதாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவர். உண்மையில் அக்கல்வெட்டில் இன்றைக்கும் ஒளி குன்றாத பகுதி வேறு. ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படக்கூடாது என்று அது விதிக்கிறது. மதகைத் திறப்பவரை ஓர் ஆண்டுக்கு நம்பு. ஆண்டு முடிந்ததும் கணக்கைக் கேள். கணக்கு வரவில்லையெனில் அவர் குடும்பமே அடுத்த ஓலைக்கு வேண்டா என்பது அதன் நெறி. செலவை முன்கூட்டித் தடுப்பதைவிடப் பின்னர்க் கேட்பதிலேயே அந்தச் சபை தன் வலிமையை வைத்தது.

சிங்கப்பூரில் இப்பணியைத் தலைமைக் கணக்காய்வாளரின் ஆண்டறிக்கையும் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் செய்கின்றன. 2016-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு சிறு செய்தி வந்தது. விக்டோரியா அரங்கத்தின் புதுப்பிப்பை ஒட்டிக் குப்பை சேகரிக்கும் கூடம் ஒன்று கட்டப்பட்டது. கட்டியதற்கு ஆன செலவு 470,000 வெள்ளி. அதற்கு ஆலோசனை கூறியதற்கு மட்டும் 410,000 வெள்ளி. தேசியக் கலைகள் மன்றம் அந்தக் கட்டணத்தின் நியாயத்தைப் போதுமான அளவு ஆராயவில்லை என்பது கணக்காய்வாளரின் குறை. செய்தி வெளிவந்தவுடன் காப்பிக்கடைவரை பேச்சாயிற்று; நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது; அமைச்சர் விளக்கம் தந்தார். நூறு பில்லியன் வெள்ளியைப் பற்றிப் பேசும்போது வாய்திறவாத பொதுமக்கள், குப்பைக் கூடத்தைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசினர். அவர்களுக்கு அளவு தெரிந்திருந்தது என்பதே காரணம். அந்த விக்டோரியா அரங்கத்துக்குப் பக்கத்திலேதான் பழைய நாடாளுமன்றக் கட்டடம் நிற்கிறது. 1959-இல் எண்மர் எதிர்வரிசையில் அமர்ந்திருந்த இடம்.

அளவு தெரிதல் என்பதே தமிழாசிரியர்க்கு இதில் உள்ள நேரடித் தொடர்பு. மன்றத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கிலும் பேசலாம் என்று அரசியலமைப்பு கூறுகிறது. கல்வி அமைச்சின் தலைப்பு ‘கே’. அத்தலைப்பின்கீழ் வெட்டு முன்மொழிந்து தமிழில் பேசும் உறுப்பினர்கள் உண்டு. அவர்களது தமிழைக் கேட்டு மகிழ்வதோடு வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவர் நிறைவு கொள்கிறார். நிறைவு கொள்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்தப் பேச்சில் ஓர் எண் கேட்கப்பட்டதா? தமிழின் சிறப்பு, தாய்மொழிக் கல்வியின் இன்றியமையாமை, அரசாங்கத்தின் ஆதரவுக்கு நன்றி, இவ்வளவோடு முடியும் பேச்சு வெட்டின் பெயரால் வழங்கிய வாழ்த்துரை. அமைச்சரும் நன்றியோடு ஏற்று அமர்வார். வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடலில் சொல்வதோ, இடித்துக் கூறுவார் இல்லாத அரசன் கெடுப்பவர் இல்லாமலேயே கெடுவான் என்பது. நூறு வெள்ளி வெட்டு நம்பிக்கையை வெட்டும் கருவியாக இனி இருக்கப்போவதில்லை எனின், அது இடித்துரைக்கும் கருவியாகவாவது இருத்தல் வேண்டும்.

கேட்பதற்கு எண்கள் இல்லாமல் இல்லை. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அப்பெயரைத் தாங்கிய தமிழ் மொழி நிலையம், சிராங்கூன் சாலைக்கு அண்மையில் பீட்டி சாலையில், தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆசிரியரை அனுப்புவதா, மாணவரை ஓரிடத்துக்கு வரவழைப்பதா என்பது மொழிக் கொள்கை மட்டும் அன்று. அது பகுத்தளித்தல் பற்றிய முடிவு. பள்ளி முடிந்து பேருந்தில் வந்து சேரும் மாணவன் செலவிடும் நேரம் எந்த மதிப்பீட்டு நூலிலும் செலவாக ஏறுவதில்லை. எத்தனை மாணவர் அவ்வாறு வருகின்றனர், எத்தனை பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லை, ஒரு வகுப்பு தொடங்க எத்தனை பேர் வேண்டும் என்ற வரம்பை வகுத்தவர் யார், அது எந்த ஆண்டு இறுதியாக ஆராயப்பட்டது என்று ஐந்து மணித்துளியில் கேட்டுவிடலாம். ‘கே’ என்னும் தலைப்பில் தமிழுக்குத் தனி வரி இல்லை. மொத்தத் தொகைக்குள் அது கரைந்து கிடக்கிறது. கரைந்து கிடப்பதை வெளியே எடுத்துக் காட்டச் செய்வதற்கு அந்த நூறு வெள்ளியைத் தவிர வேறு கருவி உறுப்பினரிடம் இல்லை. தனியாகக் கேள்வி கொடுக்கலாம் என்பர், கொடுக்கலாம். ஆனால் பணம் கேட்டு நிற்கும் நாளில் அமைச்சர் தரும் விடைக்கும், மற்றொரு நாளில் தரும் விடைக்கும் நிறை வேறு.

அவ்வாறு தமிழில் நிகழ்த்திய உரைகளின் மூலம், நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கையில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைத்து வெளியிடப்படுகிறது. உயர்நிலை வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்கு அவற்றுள் ஒன்றை எடுத்து, எத்தனை வாக்கியம் நன்றி, எத்தனை வாக்கியம் கேள்வி, கேட்டவற்றுள் எதற்கு அமைச்சர் எண்ணோடு விடை தந்தார் என்று மாணவரைப் பிரித்தெழுதச் சொன்ன ஆசிரியர் எவரேனும் இருப்பாராயின், அவர் கையில் அவ்வாண்டின் நூறு வெள்ளி செலவாகியிருக்கும்.